மீசை வைத்தவனுக்கு அரைக்காத பூச்சு

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்தான் என்னைப் பார்த்தாள். வையம்பட்டியில் அவள் வீட்டுக் கூடத்தில் நாங்கள் பலகாரத் தட்டோடு உட்கார்ந்திருந்தோம். தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்தவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, "இது பருவா, வேற எதாவதா?" என்று கேட்டாள்.

அவள் அம்மா பின்னாலிருந்து கையைக் கிள்ளினாள். கிள்ளியதை எல்லோரும் பார்த்தோம்.

"பருதான்" என்றேன்.

"இம்மாம் பெருசாவா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எதற்கும் கோபப்படுகிறவன் நான். பஸ்ஸில் சில்லறை இல்லை என்றால் கோபம், சோற்றில் கல் இருந்தால் கோபம், கல் இல்லை என்று யாராவது பெருமை அடித்தாலும் கோபம். அன்றைக்கு வரவில்லை. அதற்கு முன் பார்த்த இரண்டு வீடுகளில் பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டே வந்து தரையைப் பார்த்துக்கொண்டே போனார்கள். பிறகு "ஜாதகம் சேரவில்லை" என்று ஆள் வந்து சொன்னான். ஜாதகம் என்ன பாவம் செய்தது? இவள் ஒருத்திதான் நேராகக் கேட்டாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்ய வேண்டியவர்கள் வேறு ஆட்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கிளம்பும்போது பெண்ணின் அப்பா என் அக்கா புருஷனை வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "தப்பா நெனைக்காதீங்க. பையன் வேலை, குடும்பம் எல்லாம் புடிச்சிருக்கு. மூஞ்சியப் பாத்தாத்தான் பயமா இருக்கு. பருன்னு சொல்றீங்க. சரி. தை பொறந்ததும் வாங்க. ஆறியிருந்தா பேசுவோம். இல்லைன்னா எங்கள விட்டுடுங்க."

அது வைகாசி மாதம். தை வரைக்கும் எனக்குத் தவணை.

என் அப்பா அந்தத் தடவை வரவில்லை. உப்பிலியபுரத்துப் பக்கம் எங்கள் ஊரில் கிணற்றில் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். கிணற்றை விட்டுவிட்டு மருமகளைப் பார்க்க வருகிற ஆள் இல்லை அவர்.

பரு வந்ததற்குக் காரணம் என் வேலை. அறுபதுகளின் நடுவில் கைலாசபுரத்துப் பக்கம் புதிதாக எழும்பிய தொழிற்சாலையில் வெல்டராகச் சேர்ந்திருந்தேன். கண்ணாடி வைத்த முகமூடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நாள் முழுவதும் நெருப்பைப் பார்க்கிற வேலை. அதற்குள் வியர்வை ஓடும், புகை ஏறும், இரும்புத் தூசி ஒட்டும். பொறி விழுந்து தலைமுடி கருகுகிறது என்று தலையை ஒட்ட வெட்டியிருந்தேன். முகத்தை என்ன செய்வது? கடையில் விற்ற ஸ்நோ வாங்கிப் பூசினேன். அது முகமூடிக்குள் உருகி வழிந்ததுதான் மிச்சம். டப்பா மேல் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணை வெல்டிங் ஷாப்பில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்துப் பார்க்க வேண்டும், அப்புறம் சிரிக்கிறாளா என்று.

ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். வாடகை வீடுதான், ஆனால் கொல்லை பெரியது. ஆற்று மண். குச்சியை ஊன்றினால் தழைக்கும். வையம்பட்டியிலிருந்து திரும்பிய மறுநாள் அக்கா என் ஸ்நோ டப்பாவைத் தூக்கிச் சாக்கடையில் போட்டாள்.

"கண்டதையும் பூசித்தான் மூஞ்சி இந்த லட்சணத்துல இருக்கு. கொல்லையில மண்ணு சும்மாத்தான கெடக்கு? கஸ்தூரி மஞ்சள் போடு, கத்தாழ போடு. அரைச்சுக் குடுக்க நான் இருக்கேன்."

"நான் என்ன பொம்பளையா?"

"பொம்பளையா இருந்தா இந்த மூஞ்சிக்கு இந்நேரம் ஊர விட்டே தொரத்தியிருப்பாங்க. ஆம்பளைங்கிறதால தை வரைக்கும் விட்டுருக்காங்க. போடா."

மண்வெட்டியை எடுத்தேன்.

செடி வளர்ப்பது பொறுமையைக் கற்றுக்கொடுக்கும் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. பெரிய கடை வீதியில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய்க் கஸ்தூரி மஞ்சள் கேட்டு வாங்கிவந்து, அழகாகப் பாத்தி பிடித்து நட்டேன். காலையும் மாலையும் தண்ணீர். வாரங்கள் போயின. ஒன்றும் தலைகாட்டவில்லை. மண்ணைத் திட்டினேன், கடைக்காரனைத் திட்டினேன், சண்டை போட அவன் கடைக்கே கிளம்பினேன். அக்கா பாத்தியைக் கிளறி ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்துவிட்டாள், சிரிப்புத் தாங்காமல்.

"காஞ்ச மஞ்சளையா நட்ட? அப்பளத்த நட்டா உளுந்து மொளைக்குமாடா?"

விவசாயி மகன் நான். இதை இன்றைக்கு வரைக்கும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

விதைக் கிழங்கு கேட்டு ஊருக்கு ஆள் அனுப்பினோம். அப்பாவே சாக்குப் பையோடு வந்து இறங்கினார். எங்கள் பக்கம் மஞ்சள் விளைகிற பூமி. கஸ்தூரி மஞ்சளும் வேலி ஓரத்தில் யாராவது போட்டிருப்பார்கள். பையைக் கொல்லையில் கொட்டிவிட்டு, மீசையை ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அவருடைய மீசை எங்கள் ஊரில் மாட்டு வியாபாரிகளும் மதிக்கிற மீசை.

"பொம்பளைங்க பூசுற கெழங்கு வேணும்னு ஆம்பளப் புள்ள ஆள் அனுப்புறான். வண்டியில என்ன மூட்டைன்னு கேட்டவன்கிட்டல்லாம் கருணக்கெழங்குன்னு சொல்லிட்டு வந்தேன்."

சொன்னாரே தவிர, பாத்தி மேடு போதாது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரேதான் முழுவதையும் மறுபடி வெட்டிக் கொடுத்தார். வெட்டும்போது திட்டிக்கொண்டே வெட்டினார். எங்கள் குடும்பத்தில் அன்பு அந்த வழியாகத்தான் வரும்.

ஆடி, ஆவணியில் கொல்லை ஒரு வழிக்கு வந்தது. கஸ்தூரி மஞ்சள் முழங்கால் உயரம். இலையைக் கசக்கினால் கற்பூரம் போல ஒரு வாசனை. கிணற்றடியில் வெட்டிவேர். சுவர் ஓரம் கற்றாழை. ஒரு பன்னீர் ரோஜா. அதை அடுத்த வீட்டு ஆடு மூன்று தடவை மேய்ந்தது, நான் மூன்று தடவை அடுத்த வீட்டுக்காரரோடு சண்டை போட்டேன். ஆடும் திருந்தவில்லை, அவரும் திருந்தவில்லை. பாத்திக்குச் சோப்புத் தண்ணீர் போகக்கூடாது என்று குளியலறை ஓடையை வாழைப் பக்கம் திருப்பிவிட்டேன். அக்கா புருஷன் தலையில் சோப்பு நுரையோடு வெளியே வந்து, "மாப்ளே, நான் குளிக்கலாமா, இல்ல ஒன் மஞ்சளக் கேட்டுக்கிட்டு வரட்டுமா?" என்றார்.

குப்பைமேனிக்கும் தனிப் பாத்தி கட்டினேன். குப்பையில் தானாக முளைக்கிற செடிக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் விட்ட ஒரே ஆள் அந்தத் தெருவில் நான்தான். அதில் ஒரு தொல்லை, அதன் வேர் வாசனைக்குப் பூனைகள் மயங்கும். ஒரு செடியைப் பிடுங்கினால் போதும், தெருவில் உள்ள பூனையெல்லாம் வந்து உருண்டுபுரளும். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து முகத்தில் பச்சையாகப் பூசிக்கொண்டு, காலடியில் பூனைகள் புரள, நான் இருந்த கோலத்தைப் பால்காரர் பார்த்துவிட்டு மறுநாளிலிருந்து வாசலோடு பாலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

முகம் ஆறியது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் எது ஆற்றியது என்று எனக்குத் தெரியாது. கற்றாழையை வெட்டி, மஞ்சளாக வடிகிற பாலை வடியவிட்டு, உள்ளே இருக்கிற சோற்றைக் கழுவித் தினமும் பூசினேன். வேலை முடிந்ததும் வெட்டிவேர் ஊறின தண்ணீரில் முகம் கழுவினேன். சோப்பைத் தொடவில்லை. முகமூடியின் உள்பக்கத்தைத் தினமும் துடைத்தேன். இதில் கடைசியாகச் சொன்னதுதான் பாதி வேலை செய்திருக்கும் என்பது என் எண்ணம். அக்காவிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். கார்த்திகைக்குள் பெரிய பருக்கள் அடங்கின. மார்கழியில் கன்னத்தில் கை வைத்தால் கன்னம் தெரிந்தது.

ஷாப்பில் என் கூட வேலை பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? "என்னப்பா, நலங்கு வெச்சுட்டு நேரா வேலைக்கு வந்துட்டியா?" "தள்ளி நில்லுய்யா, ஒன் பக்கத்துல நின்னா கோயில் பிரகாரத்துல நிக்கற மாதிரி இருக்கு." சொன்னவனே பத்து நாள் கழித்து, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, "கழுத்துல இந்த வேர்க்குருவுக்கு எதாவது இருக்கா?" என்று கேட்டான். கற்றாழை ஒரு மடல் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லோர் முன்னாலும் கொடுத்தேன்.

தை பிறந்தது. இலைகள் காய்ந்து சாய, மஞ்சளை வெட்டினோம். வையம்பட்டிக்கு அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியனுப்பியாயிற்று. முகம் போதுமான அளவு நன்றாக இருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கொல்லையில் விளைந்த கிழங்கு கைக்கு வந்திருக்கிறது, அதைப் பூசாமல் போவதா?

ஞாயிற்றுக்கிழமை. அக்கா அம்மியில் பச்சைக் கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனி இலையும் வைத்து மையாக அரைத்தாள். நான் அதில் பயத்தம் மாவைக் கொட்டினேன், அவள் போடச் சொன்னதைப் போல மூன்று பங்கு. கெட்டியாக இருந்தால் நன்றாகப் பிடிக்கும் என்பது என் கணக்கு. முகம் முழுக்க அப்பிக்கொண்டேன். கறிக்குழம்புச் சாப்பாடு முடிந்த நேரம். கொல்லை வெயிலில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தேன்.

எழுந்தபோது முகம் அசையவில்லை. கன்னத்தில் இருந்தது தண்ணீர் பட்டதும் பாளம் பாளமாக வந்துவிட்டது. மீசைக்குள் இறங்கினது வரவில்லை. காரை மாதிரி இறுகியிருந்தது. ஊறவைத்துப் பொறுமையாகக் கழுவியிருந்தால் வந்திருக்கும். நான் பிடித்து இழுத்தேன். மீசையோடு வந்தது. தோலும் கொஞ்சம் வந்தது.

அக்கா ஓடிவந்து பார்த்து வாயில் கை வைத்தாள். "மீசையிலயுமாடா பூசுன?"

"நீ சொல்லலியே."

"என்னத்தச் சொல்றது? இத மீசை வெச்ச ஆளுக்கு இதுவரைக்கும் யாருடா அரைச்சிருக்கா? பொம்பளைங்களுக்குத்தான் அரைப்போம். முடி மொளைக்கக்கூடாதுன்னுதான் குப்பைமேனியே போடறது."

"அப்ப மொளைக்காதா?"

அக்கா எதற்கும் உடனே பதில் சொல்கிறவள். இதற்கு அம்மியைக் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் மேலுதடு வீங்கிச் சிவந்து கொப்புளம் கட்டியது. ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் களிம்பைக் கையில் வைத்துக்கொண்டு, மிச்சம் இருக்கிற பாதி மீசையை எடுத்தால்தான் பூச முடியும் என்றார். எடுத்தேன்.

ஸ்ரீரங்கத்துக்குள் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பாதி ஊருக்கு அங்கே மீசை கிடையாது. கடையில் ஒருவர், "ஸ்வாமி, சித்த நகர்ந்துக்கணும்" என்று எனக்கு மரியாதைகூடக் கொடுத்தார். காவிரிப் பாலத்தைத் தாண்டினால்தான் வினை. எங்கள் ஜனங்களில் அப்பா செத்தால் மகன் தலையும் மீசையும் எடுப்பான். ஒட்ட வெட்டின தலையோடும் மழித்த உதட்டோடும் வேலைக்குப் போனேன். முதல் நாளே கூட வேலை பார்த்தவர்கள் என்னைச் சுற்றி நின்று, "ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?" என்று துக்கம் விசாரித்தார்கள். இல்லை, அப்பா நன்றாக இருக்கிறார் என்றேன். "அப்ப அம்மாவா?" என்றார்கள்.

வையம்பட்டிக்கு வர முடியாது என்று சொல்லி அனுப்பலாம் என்றார் அக்கா புருஷன். நான் மாட்டேன் என்றேன். எட்டு மாதம் மண்ணைக் கொத்தியது முகத்துக்காக. முகம் ஆறியிருக்கிறது. தவணை தை. வேறு எவனாவது நடுவில் வந்து பெண் கேட்டால் என்ன செய்வது? அப்பாவும் இந்தத் தடவை வந்தார். என்னைப் பார்த்தார். நடந்ததைக் கேட்டார். பஸ்ஸில் மணப்பாறை தாண்டுகிற வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம், "நான் சாகறதுக்குள்ளயே எடுத்துட்ட" என்றார். அவ்வளவுதான்.

பெண் வீட்டு வாசலில் நுழையும்போது துண்டால் உதட்டைத் துடைப்பது போல மறைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் துடைப்பது? பெண்ணின் அப்பா சிரித்துக்கொண்டே வரவேற்க வந்தவர், துண்டு இறங்கியதும் முகம் மாறினார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி. எப்ப தவறுனாரு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். என் பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்து, "நீங்க பெரியப்பாவா? வாங்க, உக்காருங்க. ஒரு தகவல் இல்லையே. தெரிஞ்சிருந்தா வந்து ஒரு மாலை போட்டிருப்போமே" என்றார். அப்பாவை அவர்கள் முன்னே பின்னே பார்த்ததில்லை.

உள்ளே இருந்து பெண்ணின் அம்மா வந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பலகாரத் தட்டை எடுத்துவந்த யாரோ அதை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்ணின் அப்பா பாயை விரித்து எங்களை உட்காரவைத்தார்.

"மொகம் நல்லா ஆறியிருக்கு. எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா தலைத்தெவசம் முடியாம நல்ல காரியம் பேசக்கூடாது. ஒரு வருஷம் போகட்டும். அதுக்கு நடுவுல நல்ல எடம் வந்தா நாங்க பொண்ண வெச்சுக்கிட்டு இருக்கவும் முடியாது. நீங்க கோவிச்சுக்கக் கூடாது. அவரு எப்புடிப்பட்ட மனுஷன்னு சொல்லக் கேள்விப்பட்டிருக்கேன். நல்ல மனுஷன். என்ன, கொஞ்சம் வாய்தான் நீளம்னு சொல்வாங்க."

அதுவரை உட்கார்ந்திருந்த அப்பா எழுந்தார். "எவன் சொன்னான்?"

"யாருங்க?"

"எனக்கு வாய் நீளம்னு எவன் சொன்னான்? செத்தவன் நாந்தான்யா. பஸ்ல வந்து எறங்கியிருக்கேன்."

அக்கா புருஷன் எழுந்து விளக்க ஆரம்பித்தார். அவர் விளக்கினால் பொழுது போய்விடும். நானே சொன்னேன். கஸ்தூரி மஞ்சள், குப்பைமேனி, பயத்தம் மாவு, வெயில், தூக்கம், இழுத்தது, எல்லாவற்றையும். ஒரு பெண் வீட்டுக் கூடத்தில் ஓர் ஆண் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். சொல்லி முடித்தபோது கதவுக்குப் பின்னால் பெண்கள் சிரித்தார்கள். பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை.

அவள் அம்மாவும் சிரிக்கவில்லை. "குப்பைமேனியா?" என்றாள். "பச்சையா, மஞ்சளோடயா?"

"ஆமாங்க."

அவள் புருஷனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "அது பட்ட எடத்துல மொளைக்காதுங்க."

பெண்ணின் அப்பா பெருமூச்சு விட்டார். "கேட்டீங்களா? நான் என்ன செய்யட்டும்? சம்பந்தி உசுரோட பக்கத்துல நிப்பாரு, மாப்பிள்ளைக்குக் காலம்பூரா மீசை இருக்காது. பாக்குறவன்லாம் எழவு கேப்பான். மணமேடையிலயே கேப்பான். எம் பொண்ணு எத்தன பேருக்குப் பதில் சொல்லுவா?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. எட்டு மாதம். இந்த ஒரு கூடத்துக்குத் திரும்பி வரத்தான் அத்தனையும். நான் எழுந்திருக்கப் போனேன்.

அவள் வெளியே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. என்னைப் பார்க்காமல் அவள் அப்பாவைப் பார்த்துப் பேசினாள்.

"மொளைக்கும்பா."

"நீ உள்ள போ."

"மொளைக்கும். வயசுக்கு வந்ததுலேர்ந்து அம்மா எனக்கு இதத்தான் ஒதட்டு மேல பூசிவிடுது. ஒரு முடி நிக்கல. பூசப் பூச மொளைச்சுக்கிட்டேதான் இருக்கு. எனக்கே மொளைக்குது, அவருக்கு மொளைக்காதா?"

கதவுக்குப் பின்னால் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் அம்மா, "அடிப்பாவி, சபையில வந்து" என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. பெண்ணுக்கு உதட்டு மேல் முடி என்று மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண்ணே சொன்னால் அதற்குமேல் என்ன சொல்ல முடியும்? அந்தக் காலத்தில் அந்த ஒரு வார்த்தைக்கே எழுந்து போகிற கூட்டம் உண்டு. அவளுக்கும் தெரியும். நின்ற இடத்தில் இரண்டு கையாலும் தாவணி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் நகரவில்லை.

எல்லோரும் என் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாசத்துக்கு எவ்வளவு மொளைக்கும்மா?"

"ஒங்க அளவுக்கு இல்லைங்க."

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்தால் மாடு கயிற்றை இழுக்கும், அப்படிச் சிரிப்பு. பெண்ணின் அப்பா கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்துகொண்டார். "இவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்" என்றார் சங்கடத்தோடு.

"எங்க வீட்டுல வந்து பாருங்க, அப்பத் தெரியும்" என்றார் அப்பா. "தட்ட எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. பங்குனி வரைக்கும் டைம் குடுக்கறேன் இவனுக்கு. அதுக்குள்ள மொளைக்கலன்னா எங்கிட்டேர்ந்து பாதி குடுத்துர்றேன்."

பலகாரத் தட்டு திரும்பி வந்தது, வெற்றிலை பாக்கும் வந்தது. அவள் எனக்கு எதிரே செம்பை வைத்துவிட்டு, வைகாசியில் பார்த்தது போலவே நிமிர்ந்து பார்த்தாள். கன்னத்தை இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்தாள். நான் துண்டை உதட்டுக்குக் கொண்டுபோனேன். அப்புறம் எதற்கு என்று தோன்றியது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முறுக்கைக் கடித்தேன்.